தேடிய சொற்களை அழித்தல்

நினைவாற்றலைப் புகழாதார் உலகில் இலர். ஒருமுறை கேட்டதனை ஒருநாளும் மறவாத மாணவனை ஆசிரியர் பாராட்டுகின்றனர். வாங்கிய கடனை மறவாதவனை வணிகர் மதிக்கின்றனர். செய்ந்நன்றி மறவாதவனைச் சான்றோர் போற்றுகின்றனர். மறதியோ எவ்விடத்தும் வசைக்கே உரியதாய் நிற்கின்றது. தேர்வு மண்டபத்தில் அதன் கொடுமையை அறியாதார் நம்முள் எவரேனும் உளரோ? ஆயினும், மறத்தலும் ஓர் அறமாகும் இடங்கள் சில உள. மனங்கலங்கிய வேளையில் நண்பர் ஒருவர் நம்மிடம் கூறிய மறைமொழியை, மறந்துவிட்டாற்போல ஒழுகுதலே நட்புக்கு அழகு. விருந்தாக வந்தவர் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கண்ணீர் உகுத்தாராயின், அடுத்தமுறை அவர் வரும்பொழுது அதனை நினைவூட்டாதிருத்தலே பண்பு. இவ்வாறு மறக்கத் தெரியாத ஒரு தோழனை இக்காலத்து நாம் அனைவேமும் உடன்கொண்டு திரிகின்றோம். அத்தோழன் யாரெனின், கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள தேடற்பெட்டியே. அது சேர்த்துவைக்கும் சொற்களைப்பற்றியும், அவற்றை அழிக்கும் முறைபற்றியும், அவ்வழித்தலில் அடங்கிய அறம்பற்றியும் என் சிற்றறிவிற்கு எட்டியவாறு சில கூறத் துணிகின்றேன்.

தமிழ் பயில்வானுக்குக் கணினியைப்பற்றிப் பேச யாது உரிமை என்று அறிவியற்பகுதி நண்பர்கள் நகைத்தல் கூடும். அவர்கட்கு யான் விடையாகக் கூறுவது இதுவே: கருவி அவர்களுடையது, அதனுள் கிடப்பனவோ சொற்கள். சொல் எங்கே பிறக்கின்றது, எங்கே தங்குகின்றது, யாருக்கு உரியது என்று ஆராய்தல் எம்மனோர் தொழிலேயன்றோ?

உலாவியைத் திறந்து தேடற்பெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டிய அளவிலேயே, அதன்கீழ் ஒரு பட்டியல் சுருள் விரிந்தாற்போல இறங்குகின்றது. நாம் கருதிய சொல் அதில் முன்னரே எழுதப்பட்டிருக்கும். இவ்வியப்பு மிகப் பழையதன்று. 2004 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கூகுள் நிறுவனத்தார் இதனைச் சோதனை முயற்சியாக வெளியிட்டனர். அந்நிறுவனத்தின் பொறியாளராகிய கெவின் கிப்ஸ் என்பார், தமக்கு விருப்பமான ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட நேரத்தில் இதனை ஆக்கினார். 2008 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இது தேடுபொறியின் முதற்பக்கத்தில் யாவர்க்கும் பொதுவாயிற்று. இதன் நன்மையை மறுத்தல் நேர்மையன்று. ஆங்கில விசைப்பலகையில் தமிழ்ச்சொல்லைத் தட்டி, ழகர ளகரங்களுக்கு இடையே அல்லலுறும் எமக்கு, முதலெழுத்தைக் கண்டே முழுப்பெயரையும் எடுத்து நீட்டும் ஏவலாளன் கிடைத்தது பெரும்பேறே. பிழையின்றி எழுத அறியாத முதியோர்க்கும் அஃது உறுதுணையாகின்றது.

இனி, அப்பட்டியலிலுள்ள சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்பதனை அறிதல் வேண்டும். அவை ஓரிடத்திலிருந்து வருவன அல்ல. நால்வேறு இடங்களிலிருந்து வருவன. முதலாவது, நாம் முன்னர்த் தேடியவும் சென்று கண்டவும் ஆகிய பக்கங்களின் வரலாறு. இஃது உலாவியிலேயே, அஃதாவது அக்கணினியிலேயே தங்குவது. இரண்டாவது, பக்கங்களிலுள்ள வெற்றுக்கட்டங்களில் நாம் நிரப்பிய பெயர், முகவரி முதலிய சொற்கள். இவையும் கணினியிலேயே தங்குவன. மூன்றாவது, நாம் நம் கணக்கிற் புகுந்து தேடியிருப்பின், தேடுபொறி நிறுவனம் நம் பெயரால் தன்பால் எழுதிவைத்துள்ள பழந்தேடல்கள். இவை தொலைவிலுள்ள பெருங்கணினிகளில் உறைவன. நான்காவது, நம்மோடு தொடர்பின்றி, உலகத்தார் பலரும் தேடியவற்றிலிருந்து திரட்டப்படுவன.

இவற்றின் வேறுபாட்டை ஓர் உவமையால் விளக்குவேன். என் பாட்டியார் தம் இளமைப்பருவத்தில் சிலேட்டுப் பலகையைக் கோவையிலையால் துடைத்ததாகக் கூறுவர். முற்கூறிய இரண்டும் அச்சிலேட்டுப் பலகை போல்வன; நம் கையில் உள்ளவை; நாமே துடைத்துவிடலாம். மூன்றாவதோ, நாம் எழுதியதனைப் பார்த்துப் பிறரொருவர் ஓலையிற் கீறித் தம் வீட்டுப் பரணிற் கட்டிவைத்த ஏடு போல்வது. நம் பலகையைத் துடைத்ததனால் அவருடைய ஏடு அழிந்துவிடாது; அவர் வீட்டு வாயிலிற் சென்று கேட்டே அழித்தல் வேண்டும். நான்காவது, சந்தையில் எழும் பேரொலி. அதனை அழித்தல் இயலாது. செவியைப் பொத்திக்கொள்ளுதலே இயலும். இவ்வேறுபாட்டை அறியாத பலர், பலகையைத் துடைத்துவிட்டு எல்லாம் அழிந்தனவென்று மகிழ்கின்றனர். துடைத்த பின்னரும் சொல் தோன்றக் கண்டு, கணினி பழுதுற்றதென்று வருந்துகின்றனர்.

அழித்தல்தான் எதற்கு? தீயன தேடாதவனுக்கு அச்சம் ஏன் என்று வினவுவாரும் உளர். இவ்வினா தேடற்பெட்டியின் இயல்பை அறியாமையால் எழுவது. கடிதம் எழுதுங்கால் பெறுவாரை மனத்திற்கொண்டு சொற்களைத் தெரிந்து எழுதுகின்றோம். மேடையிற் பேசுங்கால் அவையை அஞ்சுகின்றோம். மருத்துவரிடங்கூட நாணத்தால் நோயிற் பாதியை மறைத்தே கூறுகின்றோம். தேடற்பெட்டியின் முன்னரோ எவ்வகை நாணமும் இல்லை. உடம்பில் தோன்றிய கட்டி, ஊரார் அறியாத கடன், மனையில் எழுந்த பூசல், உயிரே வேண்டாவென்று தோன்றிய இரவு, இவை யாவும் ஒப்பனையின்றி அங்கே எழுதப்படுகின்றன. ஆதலின், அங்குச் சேர்ந்து கிடப்பன குற்றங்கள் அல்ல, பெரும்பாலும் அச்சங்களே. குற்றமில்லாதவர்க்கும் அச்சம் உண்டு. அச்சத்தைப் பிறர்முன் விரித்துவைக்க விரும்பாமை எவர்க்கும் இயல்பு.

இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2006 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்க நாட்டு ஏ.ஓ.எல். நிறுவனத்தார் ஆராய்ச்சியாளர்க்கு உதவும்பொருட்டு, ஏறத்தாழ 6,50,000 பேர் மூன்று திங்களில் தேடிய சுமார் 2 கோடித் தேடல்களை வெளியிட்டனர். பெயர்களை நீக்கி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணை மட்டும் இட்டிருந்தனர். அதுவே போதிய காப்பென எண்ணினர் போலும். ஆனால், சின்னாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் இதழின் செய்தியாளர்கள் ஓர் எண்ணுக்குரிய தேடல்களைத் தொடர்ந்து படித்து, அவற்றை எழுதியவர் ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த 62 வயதுடைய கைம்பெண் ஒருவரே என்று கண்டு, அவர் வீட்டிற்கே சென்று சேர்ந்தனர். அவ்வம்மையார் தம் தோழியர் நோய்களைப்பற்றியும் தம் நாயைப்பற்றியும் தேடியிருந்தனரேயன்றித் தீங்கொன்றும் செய்திலர். நிறுவனத்தார் பிழைக்கு வருந்தி அத்தொகுதியை மீட்டுக்கொண்டனர். எனினும், அதற்குள் பலர் அதனைப் படியெடுத்துவிட்டனர். தேடிய சொற்களே ஒருவர் முகத்தை வரைந்துகாட்ட வல்லன என்பது அன்று தெளிவாயிற்று.

அமெரிக்காவிற்குச் செல்லவேண்டுவதும் இல்லை. சென்ற ஆண்டு, மாணவர் பலரும் பயன்படுத்தும் பொதுக்கணினி ஒன்றில் சிலப்பதிகாரத்தைப்பற்றித் தேடும்பொருட்டுச் 'சி' என்னும் எழுத்தை யான் தட்டினேன். சிறுநீரகம் செயலிழந்தவர் எத்துணைக் காலம் உயிரோடிருத்தல் கூடும் என்னும் வினா என்முன் இறங்கிற்று. அதன் பக்கத்தில் சிறியதொரு கடிகாரக் குறி இருந்தது. அதே கணினியில் முன்னர்த் தேடப்பட்டது என்பதற்கு அக்குறியே அடையாளம். கேட்டவர் யாரோ யான் அறியேன். அறிய முயலவும் இல்லை. ஆனால், எனக்கு முன்பு அந்நாற்காலியில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர், தந்தையையோ தாயையோ நினைந்து அவ்வினாவை எழுதியிருத்தல் வேண்டும் என்று மட்டும் உணர்ந்தேன். அவ்வரியை அழித்துவிட்டே என் வேலையைத் தொடங்கினேன். அன்றிரவு விடுதி உணவறையில், பாடத்தைப்பற்றியும் பந்தாட்டத்தைப்பற்றியும் ஆரவாரித்த முகங்களை நோக்குங்கால், இவற்றுள் ஒன்று அவ்வினாவைச் சுமந்துகொண்டிருக்கின்றது என்னும் எண்ணம் என்னை விட்டகலவில்லை. அதுமுதல், காரணமின்றிச் சினந்து பேசும் நண்பரிடத்தும் எனக்குச் சினம் எழுவதில்லை.

அழிக்கும் முறை அரியதன்று. ஒரு சொல்லை மட்டும் நீக்க விரும்புவார், கணினியில் அச்சொல்மீது அம்புக்குறி விசையால் இறங்கி நின்று, ஷிப்ட் விசையையும் டெலிட் விசையையும் சேர்த்து அழுத்துதல் வேண்டும். குரோம் உலாவியில், சொல்லின் வலப்புறத்தே தோன்றும் பெருக்கற்குறியைத் தொடினும் அமையும். அனைத்தையும் நீக்க விரும்புவார், கண்ட்ரோல், ஷிப்ட், டெலிட் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ் ஆகிய மூன்றிலும் ஒரு சிறு பலகை தோன்றும். எக்காலம் முதலாக அழிக்கவேண்டும், எவ்வெவற்றை அழிக்கவேண்டும் என்று அது வினவும். ஆண்டு தெரிந்து விடையளித்தல் வேண்டும். ஒரு மணி நேரத்திற்கென்று குறித்துவிட்டு ஓராண்டுச் செய்தி அழிந்ததென்று எண்ணலாகாது. படிவங்களில் நிரப்பிய சொற்களுக்கு வேறாக ஒரு கட்டம் உண்டு. அதனையும் குறித்தல் வேண்டும். பரணிலுள்ள ஏட்டை அழிப்பதற்கோ, நம் கணக்கிற் புகுந்து, நம் செயல்களைக் காட்டும் பக்கத்திற்குச் செல்லுதல் வேண்டும். 3 திங்கள், 18 திங்கள், 36 திங்கள் என்று ஓர் எல்லையைக் குறித்துவிட்டால், அதற்கு முற்பட்டவை தாமே அழியுமாறு கூகுள் நிறுவனத்தார் வழிசெய்துள்ளனர். பதிவுசெய்யாத தனிச்சாளரம் என்பதொன்றும் உண்டு. அதனை மூடியவுடன் கணினியிலுள்ள சுவடு மறையும். எனினும், இணையத்தை நடத்துவோர் கண்ணுக்கும், நாம் சென்ற பக்கத்தார் கண்ணுக்கும் அது மறைப்பன்று.

அரசரும் அறங்கூறவையத்தாரும் இதனைக் கருதாமல் இலர். 2013 ஆம் ஆண்டு மே மாதத்தில் செருமானிய நாட்டு உயர்மன்றத்தார், ஒருவர் பெயரை எழுதியவுடன் அவருக்கு இழிவு தரும் பொய்ச்சொல்லைத் தேடுபொறி முன்மொழியுமாயின், அறிவித்தபின் அதனை நீக்குதல் நிறுவனத்தார் கடன் என்று தீர்ப்பளித்தனர். 2014 ஆம் ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றத்தார், பொருத்தமற்றுப்போன பழஞ்செய்திகளைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கக் கேட்கும் உரிமையை ஒப்புக்கொண்டனர். நம் நாட்டில் 2017 ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 ஆம் நாள், உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மர் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று முடிவுகட்டினர். 2023 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டமும், தம்மைப்பற்றிய செய்தியை அழிக்குமாறு கேட்கும் உரிமையைக் குடிமக்கட்குக் கூறுகின்றது. இவை யாவும் நிறுவனங்களுக்கும் தனிமனிதர்க்கும் இடையேயுள்ள முறையை வகுப்பன. ஒரே கணினியை வைத்துக்கொண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்வார்க்கு இடையேயுள்ள முறையை எச்சட்டமும் வகுத்திலது. அதனை நாமே வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். என் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை அதன்பொருட்டே ஈண்டு எழுதுகின்றேன்.

என் தந்தையார் சிற்றூர் ஒன்றில் தையற்கடை வைத்திருப்பவர். எங்கள் வீட்டிலுள்ள மடிக்கணினி, என் தமக்கையார் மேனிலைப்பள்ளியிற் படித்த காலத்தில் அரசினர் விலையின்றி வழங்கியது. அதனை அனைவேமும் பயன்படுத்துவோம். யான் கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில், நச்சினார்க்கினியர் உரைபற்றித் தேடக் கருதி 'ந' என்று தட்டினேன். நச்சினார்க்கினியர் வரவில்லை. நகைக்கடன் ஒரு பவுனுக்கு எவ்வளவு என்னும் வரியும், நகைக்கடன் வட்டி என்னும் வரியும், கடிகாரக் குறியோடு ஒன்றன்கீழ் ஒன்றாய் வந்து நின்றன.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்திற்குப் புறப்பட்ட அம்மாவின் காதுகளில் தோடுகள் இல்லை; துளை தூர்ந்துபோகாதபடி ஈர்க்குத்துண்டுகள் செருகப்பட்டிருந்தன. வினவியபொழுது, திருகு தேய்ந்துவிட்டதென்றும், ஆசாரியிடம் கொடுத்திருப்பதாகவும் அம்மா கூறினார். யானும் அதனை நம்பினேன். இப்பொழுது, திருகு தேய்ந்த கதை இன்னதென்பதும், அடுத்த பருவத்துக் கல்லூரிக் கட்டணம் எங்கிருந்து வந்ததென்பதும், பணத்தைப்பற்றி நினையாமற் படிக்குமாறு தந்தையார் தொலைபேசியில் பன்முறை வற்புறுத்தியதன் பொருளும் எனக்கு ஒருங்கே விளங்கின.

பொதுக்கணினியில் அயலார் சொல்லை அழித்த கை, இங்கே தயங்கிற்று. அழித்தால் என்னாகும்? தந்தையார் மீண்டும் அவ்வெழுத்தைத் தட்டுங்கால், தாம் எழுதியது அங்கில்லாமை காண்பர். மகன் கண்டுவிட்டான் என்றறிவர். அவர் மறைத்ததனை யான் மறைக்க முயல்வதே, அதனை வெளிப்படுத்துவதாக முடியும். ஆகவே, அவ்வரிகளை அவ்வாறே விட்டுக் கணினியை மூடினேன். விடுமுறை முடிந்து திரும்பியபின், மாலை வேளையில் இரண்டு சிறுவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டேன். விடுதிச் சாப்பாட்டுச் செலவை இனி யானே கட்டிக்கொள்வேன் என்று வீட்டிற்கு அறிவித்தேன். திடீரென ஏன் என்று தந்தையார் வினவினார். ஆசிரியனாகப் போகின்றவனுக்குக் கற்பித்துப் பழகுதல் நல்லதன்றோ என்றேன். அதுவும் பொய்யன்று.

தோடுகள் மீண்ட நாளில் தந்தையார் தாமே எல்லாவற்றையும் எனக்குக் கூறினார். அதன்பின்னரே, யான் முன்னரே அறிந்த செய்தியைக் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, அந்த வரியை எப்படி அழிப்பதென்று தமக்குத் தெரியவில்லை என்றும், எழுத்தைத் தட்டுந்தோறும் அது வந்து நிற்பதைக் கண்டு, வீட்டில் எவரும் அக்கணினியைத் தொடுங்கால் நெஞ்சம் துணுக்குற்றதென்றும் கூறினார். யான் முறையைக் காட்டினேன்; விசையை அழுத்தவில்லை. தந்தையாரே தம் விரலால் அழுத்தினார். ஊசி பிடித்துக் காய்த்த அவ்விரலின்கீழ் இரண்டு வரிகளும் மறைந்தன. இதனை இவ்விதழில் எழுதுதற்கும் அவருடைய இசைவைப் பெற்றுள்ளேன்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்கி யான் துணிந்தது யாதெனின், தேடிய சொல் தேடியவருக்கே உரியது. அதனை அழிக்கும் உரிமையும் அவருக்கே முதலுரிமை. உரியவர் எழுந்து சென்று, யாரென்று அறியப்படாத இடத்தில், நாம் அழிப்பது திறந்துகிடந்த கதவைச் சாத்துதலை ஒக்கும், அது நன்று. உரியவர் அருகிலிருக்கும் இடத்திலோ, நாம் சாத்தும் ஓசையே உள்ளே நோக்கினோம் என்பதனை அறிவித்துவிடும்; ஆண்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டு அப்பாற் செல்லுதலே கடன். கண்டது நம்மாற் களையக்கூடிய துன்பமாயின், கண்டதாகக் கூறாமலே களைய முயலலாம். முதியோர்க்கு அழிக்கும் வழியைக் கற்பித்தலோ எவ்விடத்தும் நன்று. தந்தையார் அவ்வழியை முன்னரே அறிந்திருந்தால், நெஞ்சு துணுக்குற்றுத் திங்கள் பல கழித்திரார்.

ஒன்று கூறி முடிப்பேன். எல்லாவற்றையும் அழித்தலே அறிவென்று யான் கூறவில்லை. இலக்கணக் குறிப்பும் நூற்பெயரும் நினைவில் நிற்றல் பயனுடையதே, அவை நிற்க. பொதுக்கணினியிலிருந்து எழும் மாணவ நண்பர்கள், நாற்காலியை ஒழுங்காகத் தள்ளிவைத்துச் செல்வது போலவே, தாம் தேடியவற்றைத் துடைத்துவிட்டுக் கணக்கிலிருந்தும் வெளிவந்து செல்வார்களாக. பழைய கணினியையும் கைப்பேசியையும் இளையோர்க்கு ஈந்து உதவும் முன்னாள் மாணவப் பெரியோர்கள், அவற்றிலுள்ள தம் சொற்களைத் தாமே நீக்கி ஈவார்களாக. வீட்டிற்குச் செல்லும் நாம் அனைவேமும், அடுத்த விடுமுறையில் தாய்தந்தையர் அருகில் அமர்ந்து, மூன்று விசைகளின் இவ்வெளிய வித்தையை அவர்கட்குக் கற்பித்து வருவோமாக. கற்பிக்குங்கால் திரையை நோக்காது, அவர்கள் முகத்தை நோக்கியே கற்பிப்போமாக.